லம்பிக் புளிச்சால் மரபு, கள்ளுப் புளிச்சால் நாத்தமா?

நறுவிலிக்குளத்தில் ஒரு கலியாண வீடு முடிந்த இரவு. முற்றத்தில் கதிரைகளைப் போட்டுக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தோம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அண்ணை ஒருவர் எங்களுக்குப் பியர் வகுப்பு எடுத்தார். 1842இல் செக் நாட்டின் பில்சன் நகரில் பிறந்த பில்ஸ்னர், ஆங்கிலேயரின் கசப்பான ஐபிஏ, கடைசியாகப் பெல்ஜியத்தின் லம்பிக். "அதின்ர புளிப்பு சும்மா புளிப்பில்லையடா. காத்தில இருக்கிற நொதியத்தால தானாப் புளிக்கிறது. விளங்கிக் குடிக்க வேணும்" எண்டார்.

"அப்ப நாளைக்கு ஒரு முட்டி கள்ளு எடுப்பமே அண்ணை?" எண்டு ஒரு பொடியன் கேட்டான்.

"சீ, அது நாறும்."

எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும்தான் சிரித்தோம். அந்தச் சிரிப்பு சரியில்லை எண்டு சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

லம்பிக் எப்படி வருகிறது? கொதித்த பார்லிச் சாற்றை இரவு முழுக்கத் திறந்த தொட்டியில் ஆறவிடுவார்கள். நொதியம் ஒன்றும் சேர்ப்பதில்லை. காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருக்கிற நுண்ணுயிர்களே புளிக்க வைக்கும். கள்ளு எப்படி வருகிறது? பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் சீவி, முட்டியைக் கட்டுவார்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் அது இனிப்பான கருப்பநீர். பூசாவிட்டால் காட்டு நொதியமும் பக்டீரியாவும் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். அடிப்படை ஒன்றுதான். லம்பிக் பீப்பாய்க்குள் வருடக்கணக்கில் இருக்கும். கள்ளு ஒரு நாள் தாண்டினால் காடியாகிவிடும். 2016இல் பெல்ஜியப் பியர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. எங்கட முட்டிக்குக் கிடைத்தது "நாத்தம்" எண்ட பேர்.

"ரசனை தனிப்பட்ட விசயம்" எண்டு சொல்லுவீங்கள். சரி, கள்ளுப் பிடிக்காமல் போவது ஒருவரின் நாக்கின் உரிமை. ஆனால் ஒரு முறைகூட வாயில் வைக்காதவனும் முகத்தைச் சுளிக்கிறானே, அது நாக்குச் சொன்னதா? பனையைக் கற்பகதரு எண்டு பாடின சமூகம்தான் அந்தப் பனையில் ஏறினவனை முற்றத்துக்கு வெளியில் நிறுத்தியது. சீவல் தொழிலைச் சில சாதிகளின் தலையில் கட்டிவிட்டு, தொழிலை இழிவெண்டது. பகலில் இழிவெண்டவர்கள் பொழுதுபட்டபின் கோடிப்பக்கத்தால் முட்டி வாங்கின கதை எங்கட ஊர்களில் எந்தக் கிழவரைக் கேட்டாலும் வரும். கள்ளில் மணப்பதாக நாங்கள் சொல்வது சாதி. அது எங்கட மூக்குக்குள்தான் இருக்கிறது.

பியருக்கு இந்தச் சிக்கல் இல்லை. நுவரெலியாவில் 1881இல் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய மதுவடிசாலைதான் இன்றைய லயன். அதின்ர ஸ்டவுட்டை மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, இங்கிலாந்தின் பியர் எழுத்தாளர்) புகழ்ந்தபின் உலகமே தேடிக் குடித்தது. நல்ல ஸ்டவுட்தான், மறுக்கேல்லை. ஆனால் எங்கட கள்ளைப் பற்றியும் ஒரு வெள்ளைக்காரன் வந்து எழுதினால்தான் எங்களுக்கு ருசிக்குமோ?

கடலுக்கு அந்தப்பக்கம் நிலைமை இதைவிட மோசம். தமிழ்நாட்டில் பனை மாநில மரம். ஆனால் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பியரையும் பிராந்தியையும் அரசே டாஸ்மாக் கடையில் விற்கிறது. இங்கே தவறணையும் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் இருப்பதால் சீவல் தொழில் சட்டப்படி உயிரோடு இருக்கிறது. ஆனால் தகப்பன் ஏறின மரத்தில் மகன் ஏற விரும்புவதில்லை. விழுந்தால் முதுகு போகும் எண்ட பயம் ஒரு பாதி. ஊர் பார்க்கிற பார்வை மறுபாதி.

குடிக்கச் சொல்லி நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. குடியால் அழிந்த வீடுகளில் அடி வாங்கினவர்கள் எங்கட அம்மாக்களும் அக்காக்களும்தான். குடி கூடாது எண்டால் கண்ணாடிக் கிளாசுக்கும் பிளாவுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள், கேட்கிறோம். பியர் குடிப்பவன் ரசிகன், கள்ளுக் குடிப்பவன் குடிகாரன் எண்டு பிரிக்கிற நியாயத்தைத்தான் ஏற்கமாட்டோம்.

அந்த அண்ணை இப்ப திரும்பிப் போய்விட்டார். லம்பிக்கைப் பற்றி அவர் சொன்னது எங்களுக்கு மறக்கவில்லை: விளங்கிக் குடிக்க வேணும். கள்ளைக் குடிக்காட்டிலும் பரவாயில்லை அண்ணை. விடிய முதல் அந்த மரத்தில் ஏறுகிற மனிசனை விளங்கிக்கொண்டால் போதும்.