நகல் இருக்கிறது, மாற்றிப் பார்த்தீர்களா?

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையில் சென்னை வாசகர்களுக்கு ‘தி இந்து’ நாளிதழ் வரவில்லை. 1878இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையின் சென்னைப் பதிப்பு அச்சாகாமல் போனது அதுவே முதல் முறை என்று பத்திரிகைத் தரப்பு தெரிவித்தது. செய்தி இல்லாமல் இல்லை. மறைமலைநகரில் இருந்த அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. முந்தைய நாள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியிருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று அடையாற்றின் கரையோரம் முழுக்க வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. மின்சாரம் போனது, செல்போன் சிக்னல் போனது, ஏடிஎம்கள் முடங்கின.

இயந்திரம் ஓரிடத்தில், அதை ஓட்டத் தெரிந்தவர்கள் வேறோர் இடத்தில், நடுவில் வெள்ளம். கணினித் துறையினர் பேரிடர் மீட்பு என்று சொல்லும் விஷயத்தின் பாதி இதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால், பத்து ஆண்டுகள் கழித்தும் அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் வட்டாரத்து மருத்துவமனையோ கல்லூரியோ ரத்தப் பரிசோதனை நிலையமோ இந்த வேலையில் இறங்கினால், முதலில் கேட்கும் கேள்வி “எந்த ரெப்ளிகேஷன் (தரவுத்தள நகலெடுப்பு) சாப்ட்வேர் நல்லது?” என்பதாகவே இருக்கிறது. விற்பனைப் பிரதிநிதியும் அதற்குத்தான் தயாராக வருகிறார். “ஒரு சர்வர் விழுந்தால் அடுத்தது தானாக எழுந்து நிற்கும், ஒரு பதிவுகூடப் போகாது” என்கிறார். கையெழுத்தாகிறது. அதன் பிறகு அந்த இரண்டாவது சர்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கேள்வியின் வரிசையே தவறு. எவ்வளவு நேரம் வேலை நின்றால் தாங்கும், எவ்வளவு நேரத்துப் பதிவுகள் தொலைந்தால் தாங்கும் என்ற இரண்டு எண்களைத்தான் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். அவற்றை முடிவு செய்ய வேண்டியவர் கணினிப் பிரிவுத் தலைவர் அல்ல, நிறுவனத்தின் நிர்வாகி. புறநோயாளிச் சீட்டு அரை மணி நேரம் நின்றால் கையால் எழுதிச் சமாளிக்கலாம். ஆனால், எந்த நோயாளிக்கு எந்த மருந்து எப்போது ஏற்றப்பட்டது என்ற பதிவில் பத்து நிமிடம் காணாமல் போனால், மறுபடி அதே மருந்தை ஏற்றுவதா வேண்டாமா என்று வார்டில் யாருக்கும் தெரியாது. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு வேலைகள், இரண்டு வேறு எண்கள்.

இந்த எண்களைச் சட்டத்தின் பலத்தோடு எழுதிவைத்திருக்கும் துறை இந்தியாவில் ஒன்று உண்டு: பங்குச் சந்தை. அதுவும் அடிபட்ட பிறகுதான் இறுக்கிக்கொண்டது. 2021 பிப்ரவரி 24 அன்று காலை 11.40க்கு மும்பையில் தேசியப் பங்குச் சந்தையின் வர்த்தகம் நின்றது. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் தடுமாற, அதன் தொடர்ச்சியாகத் தரவுச் சேமிப்பகம் எட்டாமல் போய், இடர் மேலாண்மைப் பிரிவு முடங்கியது. வர்த்தகம் திரும்பியது மாலை 3.45க்கு. இத்தனைக்கும் அந்தச் சந்தைக்குப் பேரிடர் மீட்பு மையம் இருந்தது, இங்கே சென்னையிலேயே. அங்கே மாறாதது ஏன் என்று பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி விளக்கம் கேட்டது. அடுத்த மாதமே புதிய விதிகள் வந்தன. முக்கிய அமைப்பு நின்றால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் மீண்டும் இயங்க வேண்டும். தொலையக்கூடிய தரவு 15 நிமிட அளவைத் தாண்டக் கூடாது. இது தொடர்பான செபியின் வழக்கைப் பின்னர் சமரசமாக முடித்துக்கொள்ள, சந்தையும் அதன் தீர்வகமும் சேர்ந்து 70 கோடி ரூபாய்க்கு மேல் கட்ட நேர்ந்தது.

அன்றைக்குச் சிக்கல் இணைப்பிலும் சேமிப்பகத்திலும் மட்டும் இல்லை. மாறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதிலும்தான்.

எண்கள் முடிவானதும் அடுத்த கேள்வி தூரம். அடையாற்றில் முதன்மை சர்வர், சிறுசேரியில் மாற்று சர்வர் என்பது பலருக்கும் பிடித்த ஏற்பாடு. காரில் போய்ப் பார்த்துவிடலாம். வர்தா புயலுக்கோ மிக்ஜாம் புயலுக்கோ அந்தத் தூரம் ஒரு பொருட்டே அல்ல. மறுபக்கம், தூரம் கூடக் கூட இயற்பியல் குறுக்கே வரும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குத் தகவல் போய் “கிடைத்தது” என்ற பதில் திரும்ப, குறைந்தது ஒரு மில்லி விநாடி ஆகும். சென்னைக்கும் மும்பைக்கும் நடுவே அது 13 மில்லி விநாடியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் மறுகரையின் பதிலுக்காகக் காத்திருந்தால் இழப்பு இல்லை, வேகம் குறையும். காத்திருக்காமல் எழுதிக்கொண்டே போனால் வேகம் உண்டு, விபத்தின்போது கடைசிச் சில பதிவுகள் போகும். எந்த விலைக்கு எந்த மென்பொருளை வாங்கினாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

அதனால்தான் பெரிய நிறுவனங்கள் மூன்று இடங்களில் வைக்கின்றன. பக்கத்தில் ஒன்று, ஒவ்வொரு பதிவுக்கும் காத்திருக்கும். தொலைவில் ஒன்று, சற்றுப் பின்தங்கி வரும். செபியின் விதியும் சந்தைகளுக்கு இதையே சொல்கிறது. தமிழ்நாடு அரசின் தரவு மையம் பெருங்குடியிலும், அதற்கான மீட்பு மையம் திருச்சியிலும் இருப்பது இந்த வகையில் சரியான தேர்வு. பெருங்குடியை ஒட்டிய பள்ளிக்கரணையில் தண்ணீர் ஏறும் நாளில் திருச்சியிலும் ஏறும் என்பது அரிது.

மென்பொருள் மூன்றாவதாகத்தான் வர வேண்டும். அங்கே போட்டி கடுமை என்றாலும் தேர்வு அவ்வளவு கடினமல்ல. ஆரக்கிள் வைத்திருப்பவர்களுக்கு டேட்டா கார்டு, அதன் என்டர்பிரைஸ் பதிப்போடு சேர்ந்தே வருகிறது. மாற்று சர்வரை அறிக்கைகள் எடுக்கவும் திறந்துவைக்க வேண்டுமானால் ஆக்டிவ் டேட்டா கார்டுக்குத் தனிக் கட்டணம். மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் 2012 முதல் ஆல்வேஸ் ஆன் உண்டு. மைஎஸ்கியூஎல்லுக்கு குரூப் ரெப்ளிகேஷன், கலேரா போன்றவை. காசில்லாமல் கிடைக்கும் போஸ்ட்கிரெஸில் 2010இலேயே நேரடி நகலெடுப்பும், அடுத்த ஆண்டே காத்திருந்து எழுதும் முறையும் வந்துவிட்டன. யார் முதன்மை என்று மேற்பார்த்து மாற்றிவிட பட்ரோனி போன்ற இலவசக் கருவிகள் உண்டு. அடையாற்றின் ஒரு நடுத்தர மருத்துவமனைக்கு இது தாராளம்.

விலைப்பட்டியலில் தெரியாத வேறுபாடு ஒன்று உண்டு. சில கருவிகள் தரவுத்தளத்தை அப்படியே, எழுத்து பிசகாமல் படியெடுக்கின்றன. வேறு சில, எந்த வரிசையில் என்ன மாறியது என்பதை மட்டும் அனுப்புகின்றன. ஒரு பதிப்பிலிருந்து இன்னொரு பதிப்புக்கு, ஏன், ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்கே அனுப்பலாம் என்பது இவற்றின் கவர்ச்சி. ஆரக்கிளின் கோல்டன்கேட் அந்த வகை. போஸ்ட்கிரெஸின் லாஜிக்கல் முறையும் அந்த வகைதான். ஆனால், போஸ்ட்கிரெஸின் இன்று புழக்கத்தில் உள்ள பதிப்புகளில் இந்த முறை தொடர் எண்களை எடுத்துப் போவதில்லை. கவுன்டரில் 48,210ஆம் எண் ரசீது போட்டதும் முதன்மை சர்வர் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்று சர்வருக்கு ரசீதுகள் எல்லாம் வந்திருக்கும். அடுத்த எண் எது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. பழைய எண்ணிலிருந்து தொடங்கும். ஒன்று, ரசீதே வராது; அல்லது ஒரே எண்ணில் இரண்டு நோயாளிகள். செய்முறை விளக்கத்தில் பளபளப்பான திரைகளைக் காட்டும் பிரதிநிதியிடம் இதைப் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

தானாக மாறும் வசதியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. 2018 அக்டோபர் 21 அன்று, உலக நிரலாளர்கள் தங்கள் நிரல்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில், பராமரிப்பு வேலையின்போது அமெரிக்காவின் கிழக்குக் கரை மையத்தின் இணைப்பு 43 விநாடிகள் அறுந்தது. மேற்பார்வைக் கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தது: மேற்குக் கரையை முதன்மையாக அறிவித்தது. ஆனால், கிழக்கில் எழுதப்பட்டு மேற்குக்கு வந்து சேராத பதிவுகள் கொஞ்சம் இருந்தன; மேற்கிலும் புதிதாக எழுதத் தொடங்கியாகிவிட்டது. சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் பிடித்தது. 43 விநாடி பொறுத்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது. மாறுவதற்கு முன் கருவி எத்தனை விநாடி பொறுக்கும், அதை யார் முடிவு செய்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

அதைவிடப் பெரிய மயக்கம், ரெப்ளிகேஷன் இருந்தால் பேக்கப் தேவையில்லை என்பது. நகல் என்பது தவறையும் விசுவாசமாக நகலெடுக்கும். தெரியாமல் அழித்த அட்டவணை, அடுத்த கணமே மாற்று சர்வரிலும் அழிந்திருக்கும். 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், பின்தங்கிவிட்ட மாற்று சர்வரைச் சரிசெய்வதாக நினைத்து முதன்மை சர்வரின் தரவை அழித்தார். சுதாரித்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5தான் மிச்சம். பேக்கப் எங்கே என்று தேடினார்கள். தரவுத்தளம் 9.6 பதிப்பு, பேக்கப் எடுத்த கருவி 9.2 பதிப்பு, அது நெடுநாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் உரியவருக்குப் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்திருந்த படிதான் காப்பாற்றியது.

டெல்லி எய்ம்ஸ் இன்னும் அருகிலுள்ள உதாரணம். 2022 நவம்பர் 23 அன்று நடந்த சைபர் தாக்குதலில் ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. நாட்டின் முதன்மையான மருத்துவமனை இரண்டு வாரம் காகிதத்தில் ஓடியது. தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்தே நோயாளிகளின் தரவு மீட்கப்பட்டது. தென்கொரியாவுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2025 செப்டம்பரில் தேஜான் நகரின் அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பற்றியதில், அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த 858 டெராபைட் சேமிப்பகம் எரிந்தது; அதற்கு வெளியில் வேறு படியே கிடையாது. அளவு மிகப் பெரியது என்பதால் எடுக்கவில்லை என்றார்கள்.

இந்த விபத்துகள் பலவற்றிலும் பொதுவாக இருப்பது, ஒத்திகை பார்க்காத ஏற்பாடு. ஒத்திகைக்கு நேரமில்லை, சேவை நின்றுவிடும் என்பது வழக்கமாக வரும் பதில். 2024 மார்ச் 2ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை, அதே தேசியப் பங்குச் சந்தை உண்மையான பணத்தோடு வர்த்தகத்தை நடத்தி, நடுவில் மீட்பு மையத்துக்கு மாறிக் காட்டியது. பங்குச் சந்தையால் முடிவது, அடையாற்றில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு ஞாயிறு விடியற்காலையில் முடியாதா?

முறை எளிது. கடைசி ரசீது எண்ணைக் குறித்துக்கொண்டு முதன்மை சர்வரின் இணைப்பைப் பிடுங்க வேண்டும். ஷட்டவுன் செய்வது ஒத்திகை ஆகாது. மாற்று சர்வரில் முதல் ரசீது வரும்வரை நேரம் பார்க்க வேண்டும். எண் தொடர்கிறதா, நடுவில் விட்டுப்போனது எத்தனை என்று எண்ண வேண்டும். பிறகு பழைய சர்வருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும். மாறுவதைவிடத் திரும்புவதுதான் பலரைத் திணறடிக்கிறது. இதையெல்லாம் வழக்கமாகச் செய்பவர் அன்று விடுப்பில் இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ வீடு இருந்தவர் எப்படி வேலைக்கு வந்திருப்பார்?

செலவைப் பற்றிய கவலை நியாயமானதே. இரண்டாவது இடம், இணைப்பு, ஆள் என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். ஆனால், மென்பொருள் உரிமத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை ஒத்திகைக்கும் பயிற்சிக்கும் திருப்பினாலே பெரும்பாலான நிறுவனங்களுக்குப் போதும். இலவச போஸ்ட்கிரெஸை ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றிப் பார்க்கும் நிறுவனம், கோடி ரூபாய் உரிமத்தைத் தொடாமல் வைத்திருக்கும் நிறுவனத்தைவிடப் பத்திரமானது.

தமிழக அரசு இதற்கு ஒரே ஓர் ஆணை போட்டால் போதும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. மாநகராட்சி, மின் பகிர்மானக் கழகம், குடிநீர் வாரியம், அரசு மருத்துவமனைகள் ஆகியவை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முடிவதற்குள் தங்கள் தரவுத்தளத்தை மீட்பு மையத்துக்கு மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். மாற எத்தனை நிமிடம் ஆனது, எத்தனை பதிவுகள் விட்டுப்போயின என்ற இரண்டு எண்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தனியார் மருத்துவமனைகளிடம் நோயாளிகளும் கல்லூரிகளிடம் பெற்றோர்களும் அதே இரண்டு எண்களைக் கேட்கத் தொடங்கலாம்.