தராசும் அவங்ககிட்ட, படிக்கல்லும் அவங்ககிட்ட!

வலைப்பூவில் யாராவது புதிதாக விளம்பரம் போட்டால் போதும், நம்ம கிளாஸ் மக்களுக்கு உதவும் மனப்பான்மை பொத்துக்கொண்டு வந்துவிடும். "மச்சி, கவலையை விடு, ஹாஸ்டல்ல ஆளுக்குப் பத்து கிளிக் பண்ணிடறோம்!" அடப்பாவிகளா! ஒருத்தன் விளம்பரக் கணக்கைக் காலி செய்ய எதிரியே வேண்டாம், பாசக்கார நண்பன் போதும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: கூகுளின் ஆட்சென்ஸ் 2003-ல் வந்தது. நம் பக்கத்தில் அவர்கள் விளம்பரம் காட்டுவார்கள், விளம்பரம் கொடுத்தவர் கட்டும் காசில் நமக்கு ஒரு பங்கு. 100 டாலர் சேர்ந்தால்தான் கைக்கு வரும். நம் விளம்பரத்தை நாமே சொடுக்குவதும், சொடுக்கச் சொல்லி ஆள் பிடிப்பதும் தப்பு. இதில் எனக்கு மறுப்பே இல்லை. சும்மா விழும் ஒவ்வொரு கிளிக்கும் எங்கேயோ ஒரு சின்னக் கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து போகிற காசு. திருட்டு திருட்டுதான்.

என் சண்டை அதற்கு அப்புறம் நடப்பதோடு.

செல்லாத கிளிக்குகள் விழுந்திருக்கின்றன, கணக்கை மூடிவிட்டோம் என்று ஒரு மெயில் வரும். எந்தத் தேதியில்? எந்தப் பக்கத்தில்? எத்தனை? சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவர்கள் கண்டுபிடிக்கும் வழி வெளியே தெரிந்துவிடுமாம். சேர்ந்த காசும் போச்சு. புதுக் கணக்கும் தொடங்கக் கூடாது.

மேல்முறையீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஒரு படிவம். அதில் ஒரு கேள்வியைக் கவனியுங்கள்: உங்கள் தளத்துக்கு வந்தவர்களின் பதிவேட்டில் சந்தேகத்துக்குரிய ஐ.பி. முகவரிகள் ஏதாவது தெரிந்ததா? நியாயமான கேள்விதான். ஆனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் குடியிருப்பது பிளாகரில், ஓசி இடத்தில். அங்கே எத்தனை பேர் வந்தார்கள், எந்த நாட்டிலிருந்து வந்தார்கள் என்று காட்டுவார்கள். ஐ.பி. முகவரியைக் காட்ட மாட்டார்கள். கூகுள் அனலிடிக்ஸிலும் காட்ட மாட்டார்கள். பிளாகர் யாருடையது? 2003-ல் வாங்கியதிலிருந்து கூகுளுடையது! ஆதாரம் கொண்டு வா என்று கேட்பதும் அவர்கள், அந்த ஆதாரத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருப்பதும் அவர்கள். (இந்த இடத்தில் எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது.)

எங்கள் பிரம்மதேசத்துப் பக்கம் வந்தால் மரக்காணம் உப்பளங்களைப் பாருங்கள். வெயிலில் நின்று வாரிக் குவித்த உப்புக்குக் கூலி கொடுக்கும்போது பத்து ரூபாய் குறைந்தாலும் மேஸ்திரி காரணம் சொல்லியாக வேண்டும். பொய்க் காரணமாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த ஆள் எதிரே நிற்கிறார். அந்தம்மா திருப்பிக் கேட்கலாம், சாட்சிக்கு நாலு பேரைக் கூப்பிடலாம், மண்ணை வாரித் தூற்றவாவது செய்யலாம். உப்பளக் கூலி ஒழுங்காக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, சாமி! முகம் தெரிகிறது என்று மட்டும் சொல்கிறேன். 100 டாலர் அங்கே சில வாரக் கூலி.

"தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. அமெரிக்காவில் ஃப்ரீ ரேஞ்ச் கன்டென்ட் என்றொரு நிறுவனம் 2014-ல் கூகுள் மேல் வழக்குப் போட்டது. அவர்கள் மனுவில் சொன்னது இது: வருமானம் திடீரென்று எகிறுகிறதே என்று அவர்களே கூகுளிடம் கேட்டிருக்கிறார்கள். பேச நேரமும் குறித்தாயிற்று. அந்த நாள் வருவதற்குள் கணக்கு மூடப்பட்டது, வரவேண்டிய 40,000 டாலருக்கு மேல் போய்விட்டது. கடைசியில் 2018-ல் 1.1 கோடி டாலருக்குச் சமரசம். தப்பை ஒப்புக்கொள்ளாமலே கொடுத்த பணம் அது. அதுவும் அந்த நாட்டில் இருப்பவர்களுக்குத்தான். பிரம்மதேசத்துக்காரன் எந்த ஊர் கோர்ட்டுக்குப் போவான்?

ஐரோப்பாக்காரர்கள் 2019-ல் ஒரு சட்டம் போட்டார்கள். இணையச் சந்தைகளில் வியாபாரம் செய்கிறவர் கணக்கை மூடினால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகா என்று கை தட்டப் போனேன். முதல் பிரிவிலேயே, விளம்பரக் கருவிகளுக்கு இது பொருந்தாது என்று விலக்கு! ஓட்டை எங்கே வேண்டுமோ சரியாக அங்கே போட்டிருக்கிறார்கள்.

நமக்குச் சந்தேகம் இன்னும் கூடுதலாக வர ஒரு காரணம் உண்டு. ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான். பதினைந்து வருஷம்! அதுவரை ஆங்கிலப் பக்கத்தைக் காட்டி அனுமதி வாங்கி, தமிழ்ப் பக்கத்தில் ஒட்டியவர்கள் உண்டு. விதிப்படி அது தப்பு. ஆனால் வாசலே வைக்காத வீட்டில் ஜன்னல் வழியாக வந்தவனைப் பிடித்து, ஏன் ஜன்னல் வழியாக வந்தாய் என்றால் எப்படி?

ஒன்றை மட்டும் பாராட்டிவிடுகிறேன். 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு ரகசிய எண் அனுப்புவார்கள். நாலு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். பிரம்மதேசம் என்ற பெயரில் அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஊர், செய்யாறு பக்கம் ஓர் ஊர் என்று தமிழ்நாட்டில் பல இருக்கின்றன. கடிதம் எங்கே சுற்றுமோ! ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டும் கடிதம் வராவிட்டால் அடையாள அட்டையைக் காட்டி மீண்டும் உள்ளே வர வழி இருக்கிறது. என்ன குறை, என்ன காட்ட வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறார்கள். தபால் தொலைந்தால் இவ்வளவு மரியாதை தருகிறவர்கள், திருடன் என்று பட்டம் கட்டும்போது ஏன் தருவதில்லை?

கண்டுபிடிக்கும் சூத்திரத்தை யாரும் கேட்கவில்லை. தேதி, பக்கம், எத்தனை கிளிக், அவ்வளவுதான். பிடித்து வைத்த காசு எந்த விளம்பரதாரருக்குத் திரும்பப் போனது என்று ஒரு ரசீது. மேல்முறையீட்டைப் படித்த மனிதர் ஒருவர் எழுதும் நாலு வரி. இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு பக்கம் ஆகுமா?

அதுவரை, விளம்பரம் போட்டிருக்கும் மக்கள் தினமும் வருகை எண்ணிக்கையையும் கிளிக் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். திடீரென்று ஏறினால் விளம்பரத்தை நீங்களே தூக்கிவிட்டு அவர்களுக்கு எழுதுங்கள். நாளைக்கு அந்தப் படிவத்தில் எழுத உங்களிடம் அது ஒன்றுதான் இருக்கும்.

ஹாஸ்டல் மக்களே, கை அரிக்கிறதா? பின்னூட்டம் போடுங்கள், திட்டியாவது போடுங்கள். கிளிக் மட்டும் வேண்டாம்!