வெடிச்சத்தம் கேட்காத ஊர்

ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி பிறந்தால் முன்பனி. மழை ஓய்ந்து, ஏரி நிரம்பி, பனி இறங்கத் தொடங்கும் நாட்கள்தான் செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலுக்குக் குடும்பத்தோடு போக ஏற்றவை.

மாலை 4 மணிக்குள் கரைக்குப் போய்விட்டால், இரை தேடப் போன கூழைக்கடாக்களும் நத்தைகுத்தி நாரைகளும் கூட்டம் கூட்டமாகத் திரும்புவதைப் பார்க்கலாம். தாத்தா, பாட்டிக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு பைனாகுலர் போதும்.

பிள்ளைகளிடம் ஒன்றை முன்பே சொல்லிவிடுங்கள்: அங்கே கத்தக் கூடாது. பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் அது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அங்குள்ள விவசாயிகளுக்குத் தெரியும்.

அந்த ஊர்ப் பிள்ளைகள் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுக்கிறார்கள். விருந்துக்குப் போகும் பிள்ளைகள் ஒரு மணி நேரம் மெதுவாகப் பேசினால் போதும்.