நிலைக்கால் அறுக்கும் சின்ன மிஷின்

கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் தங்கை ஒருவர் எழுதியிருக்கிறார்:

"அண்ணே, அப்பா நாற்பது வருஷம் பால் மரம் சீவியவர். இப்போது லயத்தை விட்டுத் தாமானில் ஒரு பழைய வீடு வாங்கிக் குடிவந்துவிட்டோம். தரைக்கு வினைல் பலகையை நாங்களே போடுகிறோம். பலகை உள்ளே நுழைய, ஆறு கதவுகளின் மர நிலைக்கால்களையும் அடியில் கொஞ்சம் அறுக்க வேண்டும். அப்பா தரையில் படுத்துக்கொண்டு உளியால் கொத்துகிறார். இரண்டு கால் முடிவதற்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. பேட்டரியில் ஓடும் மல்டி டூல் வாங்கிக் கொடுக்கலாமா? கையில் 300 வெள்ளிதான் இருக்கிறது. ஒரு கடையில் 159, இன்னொரு கடையில் 289 என்கிறார்கள்."

தங்கையே, முதலில் அப்பாவின் கையிலிருந்து உளியை வாங்கி வையுங்கள். மீதிப் பத்துக் கால்களையும் அந்தக் கை தாங்காது.

நீங்கள் கேட்கும் மிஷின் இந்த வேலைக்கு ஏற்றதுதான். இதன் பிளேடு சுற்றுவதில்லை. இடமும் வலமுமாக மூன்று நான்கு டிகிரி மட்டும் ஆடுகிறது. ஆனால் நிமிஷத்துக்கு இருபதாயிரம் தடவை வரை ஆடும். பிள்ளைகள் கை முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், மாவுக்கட்டை அறுத்தெடுக்க ஒரு மிஷின் கொண்டு வருவார்கள். அதே வழிதான். ஜெர்மனியின் ஃபைன் கம்பெனி 1967-ல் மாவுக்கட்டு வெட்டத்தான் இப்படி ஒன்றைச் செய்தது. தச்சு வேலைக்கு வந்தது பிறகு. அதற்காக வீட்டு மிஷினைத் தோலில் வைத்துச் சோதித்துவிடாதீர்கள். இதன் பிளேடு சதையைக் கிழித்துவிடும்.

இப்போது விலைக்கு வருவோம். 289 வெள்ளி என்கிற கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பெட்டிக்குள் என்ன இருக்கிறது?" பெயர் பெற்ற கம்பெனிகள் மிஷினை மட்டும் தனியாக விற்பதுண்டு. பேட்டரியும் சார்ஜரும் வேறு விலை. சில சமயம் இவை இரண்டுக்கும் மிஷின் விலையே ஆகிவிடும். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

159 வெள்ளியில் எல்லாம் இருக்கும்: இரண்டு பேட்டரி, சார்ஜர், பத்துப் பிளேடு. நானும் ஒரு முறை இரவுச் சந்தையில் அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தவன்தான். பதினான்கு மாதத்தில் இரண்டு பேட்டரியும் செத்தன. வேறு கம்பெனிப் பேட்டரி அதில் பொருந்தாது, விற்றவரையும் காணோம். மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை, அலமாரியில் சும்மா கிடக்கிறது.

ஆகவே மிஷினைப் பார்க்குமுன் பேட்டரியைப் பாருங்கள். அண்ணன் தம்பி, மச்சான் யாரிடமாவது நல்ல பேரில் டிரில் இருக்கிறதா? இருந்தால் அதே கம்பெனியில், அதே வோல்ட்டில், மிஷின் மட்டும் வாங்கினால் போதும். ஒரே கம்பெனியிலும் 12 வோல்ட்டுப் பேட்டரி 18 வோல்ட்டில் ஏறாது. டிரில்லின் பேட்டரியைக் கடைக்கே எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். சில பெட்டிகளில் "20 வோல்ட்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது முழுச் சார்ஜில் காட்டும் கணக்கு. பெரும்பாலும் 18 வோல்ட்டுதான்.

யாரிடமும் இல்லையென்றால் என் யோசனை வேறு. வயர் உள்ளதையே வாங்குங்கள். வீட்டுக்குள் செய்யும் வேலைக்குப் பிளக் பக்கத்திலேயே இருக்கிறது. 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 36 வாட்-மணி. கெட்டி மரத்தில் மிஷின் 200 வாட் இழுத்தால் பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஓடும். வயருக்கு அந்தக் கவலை இல்லை, விலையும் குறைவு. எதை வாங்கினாலும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்பாவைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். மிஷினை ஓடவிட்டு அவர் கையில் கொடுங்கள். அதிர்வு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். வீக்கம் வடிந்த பிறகும் அந்த மணிக்கட்டுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், அறுக்கும் வேலை உங்களுடையது, தங்கையே.

பணம் கரைவது பிளேடில்தான். மரத்துக்கு மட்டும் என்று விற்கும் பிளேடு ஓர் ஆணி பட்டாலே மழுங்கிவிடும். பழைய நிலையில் ஆணி இல்லாமல் இருக்குமா? பை-மெட்டல் பிளேடு இரண்டு வாங்குங்கள். ஸ்டார்லாக் என்ற பூட்டு 2016-ல் வந்தது. அந்த மிஷினில் பழைய மாதிரித் திறந்த வாய் பிளேடு மாட்டாது. உள்ளூர்க் கடையில் எந்தப் பிளேடு கிடைக்கிறது என்று விசாரித்துவிட்டு மிஷினை எடுங்கள்.

அறுக்கும்போது வினைல் துண்டு ஒன்றைத் தரையில் வைத்து, பிளேடை அதன்மேல் படுக்க வைத்து அறுங்கள். உயரம் தானாகச் சரியாக வரும். அழுத்த வேண்டாம். ஆணி தட்டினால் வேகத்தைக் குறையுங்கள். கண்ணாடியும் முகமூடியும் போடுங்கள்.

இன்னும் லயத்தில் இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய வீடுகளின் கூரையிலும் மேல்தட்டிலும் அஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார்த் தகடு இருக்கலாம். சாதாரணச் சிமெண்டுத் தகட்டுக்கும் அதற்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. இந்த மிஷினால் அதில் ஓட்டை போட்டுவிடாதீர்கள். அந்தத் தூசி நெஞ்சில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரும். வாயில் துணி கட்டினால் நிற்காது. வீடு கம்பெனியுடையது, ஆபீசில் சொல்லி அவர்களையே ஆள் அனுப்பச் சொல்லுங்கள்.

பேட்டரி வாங்கினால் வெயிலில் நிற்கும் காரிலே விடாதீர்கள். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

பன்னிரண்டு காலும் முடிந்ததும் எத்தனை பிளேடு தேய்ந்தது என்று எழுதுங்கள் தங்கையே. அந்தக் கணக்கை இங்கே போடுகிறேன்.