டீசல் வேனின் வடிகட்டியை வெட்டுவதற்கு முன்னர்

ருவான்வெல்லை, யட்டியாந்தோட்டை, அவிசாவளைப் பகுதிகளில் அண்மைக் காலமாக நமது வியாபாரிகளின் பேச்சில் அடிக்கடி வரும் ஒரு சொல் டீ.பி.எப். என்பதாகும். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த டீசல் வேனோ சிறிய லொறியோ வைத்திருக்கும் பலருக்கு, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டி ஏற்றத்தில் இழுக்க மறுத்த பின்னர்தான் அப்படி ஒரு பொருள் வண்டியின் அடியில் இருப்பதே தெரிய வருகிறது. கராஜுக்குக் கொண்டு போனால் கிடைக்கும் ஆலோசனையும் அநேகமாக ஒன்றுதான். "வெட்டி எறிந்து விடுங்கள் நானா, பிரச்சினை முடிந்து விடும்."

பத்துப் பேரிடம் கேட்டால் எட்டுப் பேர் இதையே சொல்வதால் இது சரியான ஆலோசனையாகி விடாது. வருத்தத்தின் காரணத்தைப் பார்க்காமல் உறுப்பை வெட்டும் வைத்தியம் இது என்பதே எனது அபிப்பிராயம்.

முதலில் இந்தப் பொருள் என்னவென்று பார்ப்போம். சைலன்சர் குழாயில், என்ஜினுக்குச் சற்றுக் கிட்டவாக இருக்கும் இரும்பு டப்பாவுக்குள் தேன்கூடு போன்ற செரமிக் வடிகட்டி ஒன்று உள்ளது. அதன் துளைகள் ஒன்றுவிட்டு ஒன்று அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே புகை செரமிக் சுவரை ஊடுருவியே வெளியேற வேண்டும். கரித் தூள் உள்ளே தங்கி விடும். அது ஓரளவு சேர்ந்ததும் என்ஜினின் கொம்பியூட்டர் மேலதிகமாகக் கொஞ்சம் டீசலைத் தெளித்து, வடிகட்டியின் சூட்டை ஏறத்தாழ 600 பாகை செல்சியஸுக்கு உயர்த்திக் கரியை எரித்து விடுகிறது. டொயோட்டாவும் ஹினோவும் தமது முறையை டீ.பி.ஆர். என்கின்றன. இசுசு டீ.பி.டீ. என்கிறது. பெயர் வேறு, வேலை ஒன்று.

விறகடுப்பு வைத்திருப்பவருக்கு மிகுதி விளங்கும். கரி எரியும், சாம்பல் எரியாது. என்ஜின் ஒயிலில் கலந்திருக்கும் இரசாயனங்கள் எரிந்து உண்டாகும் சாம்பல் வருடக் கணக்கில் வடிகட்டியில் தங்கிக் கொண்டே போகும். கரியால் அடைபட்டதா, சாம்பலால் நிரம்பியதா என்று பிரித்து அறியாமல் செய்யும் எந்தச் செலவும் ஆற்றிலே போட்ட காசுதான்.

நமது நாட்டில் இந்தத் தொல்லை கூடுதலாக இருப்பதற்கு முதற் காரணம் எரிபொருள். ஜப்பானில் 2005ஆம் ஆண்டிலிருந்தே கந்தகம் 10 பி.பி.எம். அளவுக்குக் குறைக்கப்பட்ட டீசல் விற்பனைக்கு வந்து விட்டது. அந்த டீசலை நம்பிச் செய்யப்பட்ட வண்டிக்கு நாம் ஊற்றுவது சாதாரண ஓட்டோ டீசல். கந்தகம் கூடினால் வடிகட்டி விரைவாக நிரம்புவது மட்டுமல்ல, கரியை எரிக்க உதவும் இரசாயனப் பூச்சும் பலம் குன்றி விடும். 2018இல் யூரோ 4 தரத்திலான சுப்பர் டீசல் இங்கு அறிமுகமானது நல்ல விடயம். ஆனால் 2022 ஜூன் 26ஆம் திகதி ஓட்டோ டீசல் 460 ரூபாவும் சுப்பர் டீசல் 520 ரூபாவுமாக இருந்தபோது, லீற்றருக்கு 60 ரூபாவைக் கூடக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? வரிசையில் நின்றவர்களுக்கு எந்த டீசலாவது கிடைத்தால் போதும் என்றிருந்தது. மண்ணெண்ணெய் 87 ரூபாவுக்கு விற்ற அந்த நாட்களில் அதையும் கலந்து ஓட்டியவர்கள் உண்டு. அந்த ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்ந்த பின்னரே அதிலிருந்த இலாபம் போனது. அன்று ஓடிய வண்டிகள் இன்றும் கைமாறிக் கொண்டிருக்கின்றன என்பதை வாங்குபவர்கள் மறந்து விடக் கூடாது.

அடுத்தது வண்டிகளின் வயது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையிலுள்ள ஐந்து வருடங்கள் பழைய வண்டிகளே திரும்பத் திரும்ப விற்கப்பட்டன. சாம்பல் நிரம்புவதற்கு அது போதுமான காலம். ரூபாவின் பெறுமதி 2022இல் டொலருக்கு 200 என்ற நிலையிலிருந்து 360 வரை விழுந்ததால் புதிய வடிகட்டியின் விலையைக் கேட்கவே பயமாகி விட்டது. வெட்டும் வேலைக்குச் சந்தை உண்டானது இப்படித்தான்.

மூன்றாவது, நாம் ஓடும் விதம். ருவான்வெல்லையில் இருந்து ஹட்டனுக்குச் சாமான் ஏற்றிப் போகும் லொறிக்காரருக்கு இந்த வருத்தம் குறைவு. கினிகத்தேனை ஏற்றத்தில் சுமையோடு ஏறும்போது புகை நன்றாகச் சூடேறி, கரியில் ஒரு பகுதி தானாகவே எரிந்து விடுகிறது. கன்னத்தோட்டையில் இருந்து பாடசாலைக்கும், கடையில் இருந்து பஸாருக்கும் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடி நிறுத்தும் வேனுக்குத்தான் வினை. வடிகட்டி சூடேறி எரிக்கத் தொடங்கும் நேரத்தில் சாரதி சாவியைத் திருப்பி நிறுத்தி விடுகிறார். எரிக்கத் தெளித்த டீசலில் ஒரு பங்கு ஒயிலுக்குள் இறங்குகிறது. டிப்ஸ்டிக்கில் ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தால், டீசல் மணமும் அடித்தால், அன்றே ஒயிலை மாற்றுங்கள். அப்படியே ஓடினால் என்ஜினே போய்விடும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் கொப்பராவும் பாக்கும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புபவர். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அவருடைய வேனில் விளக்கு எரிந்தது. வடிகட்டி முடிந்து விட்டது, வெட்ட வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லி விட்டார்கள். கையில் காசு இல்லாததால் ஒரு மாதம் பிந்தினார். அதற்கிடையில் இன்னொரு பாஸ், வடிகட்டியின் இரு பக்கமும் அமுக்கத்தை அளக்கும் சென்சருக்குப் போகும் இரண்டு சிறிய இறப்பர் குழாய்களில் ஒன்று சூட்டில் வெடித்திருப்பதைக் கண்டு பிடித்தார். வடிகட்டியில் ஒரு பிழையும் இல்லை. இறப்பர் விளையும் ஊரிலே ஒரு சாண் இறப்பர் குழாய்க்காக ஒரு வேனைக் கெடுக்கப் பார்த்தார்கள் என்று அவர் இப்போது சிரிக்கிறார்.

ஆகவே பரிசோதனைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். நல்ல ஸ்கேனர் ஒன்றைப் பொருத்தி, என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பி அமுக்க சென்சரைப் பாருங்கள். பூச்சியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பிழை சென்சரில் இருக்கிறது. பிறகு என்ஜினைச் சூடேற்றி, சும்மா ஓடும்போதும் மூவாயிரம் சுற்றிலும் எவ்வளவு என்று பாருங்கள். சும்மா ஓடும்போது நல்ல வடிகட்டி பொதுவாக ஒரு கிலோபாஸ்கலுக்கும் குறைவாகவே காட்டும். ரேடியேட்டர் தண்ணீரின் சூடு 80 பாகையை எட்டாமல் நின்றால் தேர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். என்ஜின் சூடாகவில்லை என்று நினைத்துக் கொம்பியூட்டர் எரிக்கும் வேலையைத் தொடங்கவே மாட்டாது. ஒரு தேர்மோஸ்டாட்டின் விலைக்கு முடியும் வேலை இது. புகைச் சூட்டை அளக்கும் சென்சர்களையும் விட்டு விடக் கூடாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வடிகட்டி அடிக்கடி நிரம்பினால், கரி எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். டீசல் ஒழுகும் இன்ஜெக்டர், கரி பிடித்த ஈ.ஜீ.ஆர். வால்வு, காற்றுக் கசியும் டர்போ குழாய், ஒயில் விடும் டர்போ ஆகியவையே வழமையான குற்றவாளிகள். இவற்றைத் திருத்தாமல் புதிய வடிகட்டியே போட்டாலும் அதுவும் நிரம்பும்.

கரி மட்டும்தான் என்றால், பல லொறிகளிலும் சில வேன்களிலும் உள்ள டீ.பி.ஆர். அல்லது டீ.பி.டீ. பட்டனை அழுத்தி, வண்டியை நிறுத்தியபடியே எரித்து விடலாம். இருபது நிமிடமோ அதற்கு மேலோ செல்லும். காய்ந்த புல்லின் மேலும், கொப்பராக் கொட்டிலுக்குக் கிட்டவும் நிறுத்தி இதைச் செய்யாதீர்கள். சைலன்சர் அந்த அளவுக்குச் சூடாகும். பட்டன் இல்லாத வண்டியை ஹங்வெல்லை ஊடாகக் கடுவெலைக்குக் கொண்டு போய் அதிவேக நெடுஞ்சாலையில் அரை மணித்தியாலம் நிதானமாக ஓட்டினாலும் பலன் கிடைக்கும். விளக்கு எரிவதைப் பார்த்தும் மாதக் கணக்கில் ஓடினால் இவை ஒன்றும் உதவாது, டர்போவும் சேர்ந்து போகும்.

சாம்பல் என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். சூளையில் சூடாக்கி, புகை வரும் திசைக்கு எதிராகக் காற்றை ஊதிச் சுத்தம் செய்வது சரியான முறை. சேர்விஸ் ஸ்டேஷனில் வண்டி கழுவும் பைப்பைப் பிடித்து அடித்தால் செரமிக் வெடிக்கும், சாம்பலும் சேறாகி உள்ளே இறுகும். அதன் பின்னர் ஒயிலில் மிச்சம் பிடிக்காதீர்கள். வேனுக்கு ஜாசோ டீ.எல்.-1, லொறிக்கு டீ.எச்.-2 என்று டின்னில் எழுதியிருக்க வேண்டும், அல்லது உங்கள் வண்டியின் கைநூலில் சொல்லப்பட்ட தரமாக இருக்க வேண்டும். பீப்பாயிலிருந்து அளந்து விற்கும் பழைய ரக ஒயிலில் சாம்பல் அதிகம்.

இனி வெட்டும் விடயத்துக்கு வருவோம். டப்பாவைப் பிளந்து செரமிக்கை உடைத்து எடுத்து, மீண்டும் ஒட்டி விடுகிறார்கள். கொம்பியூட்டரின் புரோகிராமையும் மாற்ற வேண்டும். அதை அரைகுறையாகச் செய்தால், இல்லாத வடிகட்டியை எரிப்பதற்காக வண்டி தொடர்ந்து டீசலைத் தெளித்துக் கொண்டே இருக்கும், ஒயிலும் கெட்டுப் போகும். உடைத்து எடுக்கும் செரமிக்கில் பிளாட்டினம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருப்பதையும் அதை வாங்க ஆட்கள் இருப்பதையும் வண்டிக்காரர் அறிவதில்லை. குறைந்த கூலிக்கு வெட்டித் தருவதாகச் சொல்பவர் ஏன் சொல்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

"புகைப் பரிசோதனையில் பாஸ் ஆகிறதே" என்பார்கள். அந்தப் பரிசோதனை புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறது, டப்பாவுக்குள் இருப்பதை அல்ல. பிரித்தானியாவில் 2014 பெப்ரவரி முதல் வடிகட்டி கழற்றப்பட்ட வண்டி வருடாந்தப் பரிசோதனையில் சித்தியடையாது. இங்கும் ஒரு நாள் அப்படி வந்தால், வெட்டிய வண்டியை வைத்திருப்பவர் அன்றைய விலையில் வடிகட்டி தேட வேண்டி வரும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் திட்டவட்டமாக வகைப்படுத்தி விட்டது. பஸார் வீதியில் கடை வாசலில் நாள் முழுக்க நிற்பவர்கள் நாம்தான். அந்தக் கரி முதலில் போவது நமது நெஞ்சுக்குள்.

வண்டி வாங்குபவர்கள் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. என்ஜின் ஆறியிருக்கும்போது சைலன்சர் வாயினுள் விரலை விட்டுப் பாருங்கள். வடிகட்டி ஒழுங்காக உள்ள வண்டியில் விரல் ஏறக்குறைய சுத்தமாக வரும். கன்னங்கரேலென்று வந்தால் வடிகட்டி வெட்டப்பட்டிருக்கிறது, அல்லது வெடித்திருக்கிறது. வண்டிக்கு அடியில் டப்பாவில் புதிய வெல்டிங் அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மீற்றரைத் திருப்பி 80 ஆயிரம் என்று காட்டலாம், சாம்பலைத் திருப்ப முடியாது. எரித்து முடித்த பின்னரும் அமுக்கம் இறங்காத வடிகட்டி, வண்டி மீற்றர் சொல்வதை விட அதிகம் ஓடியிருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெட்டிய வண்டியை வெட்டியது என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பதில் தவறில்லை. சொல்லாமல் விற்பது குறையை மறைத்து விற்பது. அந்தக் காசைப் பற்றி நமது மார்க்கம் என்ன சொல்கிறது என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நமது ஊர்களில் வர்த்தகர் சங்கங்கள் இருக்கின்றன. வருடத்தில் ஒரு கூட்டமும் ஒரு பகற் சாப்பாடும் நடக்கின்றன. ஜப்பான் டீசல் வண்டிகளை முழுமையாக வாசிக்கும் ஸ்கேனர் ஒன்றைச் சங்கம் வாங்கி, அதைப் படித்துச் சொல்ல ஓர் இளைஞரைப் பயிற்றுவித்து, அங்கத்தவர்களிடம் சிறு கட்டணம் அறவிட்டால் என்ன? வண்டியைக் கராஜில் விடுவதற்கு முன்னரும் வாங்குவதற்கு முன்னரும் அங்கே காட்டி, எழுத்தில் ஓர் அறிக்கை பெறலாம். எரிபொருள் நிலையம் நடத்தும் நமது சகோதரர்களும் சுப்பர் டீசலுக்கு ஒரு பம்பை ஒதுக்குவது பற்றி யோசிக்க வேண்டும். வாங்க ஆள் இல்லை என்று அவர்கள் சொல்கிறார்கள், கிடைப்பதில்லை என்று வண்டிக்காரர்கள் சொல்கிறார்கள். இரு சாராரும் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரே மேசையில் இருந்து பேசினால், மாதம் எத்தனை லீற்றர் போகும் என்று அங்கேயே கணக்குப் பார்த்து விடலாம்.