மூட்டைக்கு அடியில் எந்த பேலட்?

கேள்வி: வேப்பூர் பக்கம் எங்கள் ஊரில் 12 பேர் சேர்ந்து ஒரு பழைய கட்டடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். தை, மாசியில் அறுக்கும் மக்காச்சோளத்தை அதில் இருப்பு வைத்து, விலை ஏறும்போது விற்கலாம் என்று எண்ணம். 50 கிலோ மூட்டை 300 வரும். அடியில் போட பேலட் விசாரித்தால், ஏ தரம், பி தரம், எச்.டி. முத்திரை, எக்ஸ்போர்ட் குவாலிட்டி என்று என்னென்னவோ சொல்கிறார்கள். விலையும் ஒன்றுக்கொன்று நிறைய வித்தியாசம். எதை வாங்குவது? பேசாமல் தார்ப்பாய் விரித்து அடுக்கிவிடலாமா?
- வாசகர், வேப்பூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தார்ப்பாய் மட்டும் போதாது. பணியில் சேர்ந்த புதிதில் இதே யோசனையை நானே ஒரு குடும்பத்துக்குச் சொல்லியிருக்கிறேன். சிமெண்ட் தரையில் தார்ப்பாய் விரித்து அதன்மேல் மக்காச்சோள மூட்டைகளை அடுக்கினார்கள். மூன்று மாதம் கழித்துப் பிரித்தபோது மேல் மூட்டைகள் நன்றாக இருந்தன. அடி வரிசை முழுவதும் பச்சைப் பூசணம். தரையின் ஈரத்தைத் தார்ப்பாய் தடுத்தது உண்மைதான். ஆனால் தானியத்திலிருந்து வெளிவரும் ஈரம், குளிர்ந்த தரையை ஒட்டியிருந்த தார்ப்பாயின் மேல் வியர்த்து நின்றுவிட்டது. காற்றுப் போக வழி இல்லை. அந்த வீட்டு அம்மா, "வீணாக்க மனசு வரலை சார், காயவைத்து மாட்டுக்குப் போட்டுட்டோம்" என்றார். இன்றைக்கும் அது என் மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

காரணம், அந்தப் பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு, வெயிலில் காயவைத்தாலும் சமைத்தாலும் போகாது. மாடு தின்றால் பாலில் இறங்கும், அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுப் பிள்ளைகள். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோரப் பழங்குடிக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் கெட்டு, நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். உணவுத் தானியத்தில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் அஃப்ளாடாக்சினுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. கோழித் தீவன ஆலைகளும் சோதித்துத்தான் வாங்குகின்றன. எனவே பேலட் விஷயத்தைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம்.

கணக்கும் பாருங்கள். நான்கடிக்கு மூன்றேகால் அடி அளவுள்ள (1200 - 1000 மி.மீ.) பேலட்டில் ஒரு வரிசைக்கு 3 மூட்டை வைக்கலாம். 10 வரிசை அடுக்கினால் 30 மூட்டை, அதாவது ஒன்றரை டன். உங்கள் 300 மூட்டைக்கு 10 பேலட் போதும். பேலட் இல்லாமல் அடுக்கி அடி வரிசை கெட்டால், இழப்பு 30 மூட்டை, அதாவது 15 குவிண்டால். 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அந்தக் கணக்கில் 36,000 ரூபாய். 10 பேலட்டின் விலையை இந்தத் தொகையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். பேலட் ஒரு வருடத்தோடு போய்விடுவதும் இல்லை.

இனி தரம். பழைய பேலட் வியாபாரத்தில் ஏ, பி, சி என்பது சட்டம் வகுத்த தரமல்ல. கடைக்குக் கடை மாறும். பொதுவாக, உடையாமல் பழுது பார்க்காமல் இருப்பது ஏ. பலகை மாற்றியோ, கூடுதல் கட்டை அடித்துப் பலப்படுத்தியோ இருப்பது பி. உடைசல், கறை உள்ளது சி. எந்தத் தரம் வேண்டும் என்பதை, பேலட்டை வைத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் முடிவு செய்யும்.

சுமையோடு பேலட்டையே கைவண்டியிலோ ஃபோர்க்லிஃப்டிலோ தூக்கி லாரியில் ஏற்றுவதானால் ஏ தரம் வேண்டும். தூக்கும்போது இரண்டு இடத்தில் மட்டும் தாங்கி நிற்பதால், பலவீனமான பலகை அங்கேதான் முறியும். உங்கள் கட்டடத்தில் மூட்டையை ஆட்கள்தான் சுமந்து ஏற்றி இறக்குவார்கள். பேலட் போட்ட இடத்திலேயே கிடக்கும். அதற்கு நல்ல பி தரம் போதும், ஏ தரத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. சி தரம் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்து முத்திரை. கோதுமைக் கதிர் படமும் பக்கத்தில் ஐ.பி.பி.சி. என்ற எழுத்தும், நாட்டின் குறியீடும் (நம் நாட்டுக்கு ஐ.என்.), பதிவு எண்ணும், கடைசியில் எச்.டி. அல்லது எம்.பி. என்ற எழுத்தும் இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் ஏற்றப்பட்டது. எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு புகையூட்டப்பட்டது. 2002-ல் கொண்டுவரப்பட்ட உலக விதி இது. மரப்பெட்டிகளோடு பூச்சிகள் நாடுவிட்டு நாடு போனதால் வந்தது. 1996-ல் நியூயார்க் நகர மரங்களைத் துளைத்துக்கொண்டிருந்த ஒரு நீளக்கொம்பு வண்டு, ஆசியாவிலிருந்து சரக்கு மரங்களோடு போனதுதான்.

சரக்கு கடல் தாண்டும்போதுதான் இந்த முத்திரை கட்டாயம். நாமக்கல் ஆலைக்கு அனுப்பும் மக்காச்சோளத்துக்குத் தேவையில்லை. ஆகவே 'எக்ஸ்போர்ட் குவாலிட்டி' என்று சொல்லி விலை ஏற்றினால் ஏமாற வேண்டாம். முத்திரை பலத்தைக் காட்டுவதும் இல்லை. வெப்பம் ஏற்றிய மரத்திலும் பிறகு நம் ஊர்க் கரையான் ஏறும். ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் எச்.டி. உள்ளதை எடுங்கள். எம்.பி. உள்ளதைத் தானியத்துக்கு அடியில் போடுவதைத் தவிர்ப்பதே என் யோசனை.

வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்:

1. முகர்ந்து பாருங்கள். எண்ணெய், பெயிண்ட், மருந்து, மக்கல் வாடை அடித்தால் ஒதுக்குங்கள். 2010-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய மருந்து நிறுவனம் மாத்திரைகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. மரப் பேலட்டில் பூசிய ரசாயனத்திலிருந்து எழுந்த மக்கல் வாடை மாத்திரையில் ஏறியதுதான் காரணம் என்று கண்டறிந்தார்கள். மூடிய டப்பாவுக்குள் ஏறிய வாடை சாக்குக்குள் ஏறாதா?

2. சமதரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. இரண்டு பேர் ஏறி நின்று நடந்து பாருங்கள். நடுக்கட்டைகள் எல்லாம் இருக்க வேண்டும். ஒரு கட்டை இல்லாவிட்டாலும் அடுக்கு ஒரு பக்கம் சாயும். ஒன்றரை டன் சாய்ந்தால் ஆளுக்கு ஆபத்து.

3. ஆணித் தலை மேலே நீட்டியிருந்தால் சாக்கு கிழியும். சுத்தியலால் அடித்து உள்ளே இறக்குங்கள். பலகை இடைவெளியில் நான்கு விரல் தாராளமாக நுழைந்தால், மூட்டை கீழே தொங்கும். நடுவில் ஒரு ரீப்பர் அடித்துக்கொள்ளுங்கள்.

4. குண்டூசித் துளைகளும் அதிலிருந்து மாவு போன்ற தூளும் இருந்தால் மரத்தைப் பூச்சி தின்றுகொண்டிருக்கிறது. வேண்டாம்.

5. நீல வண்ணம் பூசிய பேலட்டுகளில் பல, வாடகைக்கு விடும் நிறுவனத்தின் சொத்து. அவர்கள் விற்பதில்லை. வேறு யாராவது விற்றால் வாங்கிப் பிரச்சினையில் மாட்டாதீர்கள்.

பிளாஸ்டிக் பேலட் கரையானுக்குத் தப்பும், கழுவலாம். ஆனால் மெல்லிய ஒருமுறைப் பயன்பாட்டு ரகமும் கடையில் உண்டு. 'நிற்கும் சுமை எத்தனை கிலோ?' என்று கேட்டு, குறைந்தது 2,000 கிலோ தாங்குவதை மட்டும் வாங்குங்கள்.

இருபது முப்பது மூட்டைதான் இருப்பு என்பவர்களுக்கு பேலட்டே வேண்டாம். இரண்டு மூன்று வரிசை செங்கல் வைத்து, அதன்மேல் சவுக்குக் கழியையோ தைல மரக் கழியையோ நெருக்கமாகப் பரப்பினால் போதும். தேவை நாலைந்து அங்குல உயரமும் காற்றுப் போக வழியும்தான்.

பேலட் வந்ததும் துடைப்பத்தால் இடுக்கெல்லாம் பெருக்கி, இரண்டு நாள் வெயிலில் நிறுத்துங்கள். பழைய இடுக்குகளில் வண்டு தங்கியிருக்கும். மூட்டை வருமுன் காலிக் கட்டடத்தின் தரை, சுவருக்கு மாலத்தியான் 50 ஈ.சி. மருந்தை லிட்டருக்கு 10 மி.லி. கலந்து, 100 சதுர மீட்டருக்கு 3 லிட்டர் வீதம் தெளித்துக் காயவிடுங்கள். தானியத்தின் மேல் தெளிக்கவே கூடாது. தார்ப்பாயை பேலட்டுக்குக் கீழே விரிக்கலாம். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்குங்கள், மூட்டை சுவரில் சாயக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மக்காச்சோளம் 12 சதவீத ஈரத்துக்குக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமான தானியத்தை எந்த பேலட்டும் காப்பாற்றாது. 12 பேர் சேர்ந்து வைக்கும்போது இதில் முகதாட்சண்யம் பார்க்காதீர்கள். ஒருவர் மூட்டை ஈரமாக வந்தால் பக்கத்து மூட்டையும் கெடும். விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஈரம் பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவர் மூட்டையின் அளவையும் நோட்டில் எழுதிவையுங்கள். பிறகு வருத்தம் வராது.

வண்டு வந்துவிட்டால் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை நீங்களாக வாங்கி வைக்காதீர்கள். அது பயிற்சி பெற்றவர்கள் மட்டும் கையாள வேண்டிய மருந்து. அதன் புகை பக்கத்து வீட்டில் தூங்குபவர்களையும் கொல்லும்.

கேள்வி: என் மனைவி பீங்கான் பொம்மைத் தொழிலில் இருக்கிறார். வெளிமாநிலத்துக்கு அனுப்பும் மரப்பெட்டிக்கு முத்திரை வேண்டுமா? உடைந்த பேலட்டை வீட்டு அடுப்பில் எரிக்கலாமா?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: இந்தியாவுக்குள் எங்கே அனுப்பினாலும் முத்திரை தேவையில்லை. வெளிநாட்டு ஆர்டர் என்றால், பெட்டி, பேலட் இரண்டிலும் எச்.டி. முத்திரை இருக்க வேண்டும். அதை அனுமதி பெற்ற நிறுவனம்தான் குத்த முடியும். பழைய முத்திரைப் பலகையைக் கழற்றி வேறு பெட்டியில் அடித்தால் செல்லாது, சரக்கு திரும்பி வரும். உடையாமலிருக்க நாம் வைக்கும் வைக்கோலையும் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. காகிதத் துண்டுகளையோ அட்டையையோ வையுங்கள்.

அடுப்பில் எரிப்பதானால், கறை, வண்ணம், வாடை எதுவும் இல்லாத எச்.டி. பலகை மட்டும். எம்.பி. முத்திரை உள்ளதும் எண்ணெய் பட்டதும் சமையல் அடுப்புக்கு ஆகாது. என்ன மரம் என்று தெரியாவிட்டால் ஆட்டுக்கொட்டகைத் தடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், அடுப்புக்கு வேண்டாம்.