மன்றத்தில் வெற்றி, மேசையில் தோல்வி!



2003-ஆம் ஆண்டு மார்ச் திங்கள். சுவிட்சர்லாந்தின் பனிமலையில் சறுக்கி விளையாடி ஓய்வுகொண்டிருந்த சீமான் ஒருவர், ஓய்வைப் பாதியில் உதறிவிட்டு, ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு விரைந்தார். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தலைவராய் அந்நாளில் வீற்றிருந்த ஸ்டீவ் பால்மர்தான் அவர். காணச் சென்றது நாடாளும் அதிபரையா? இல்லை, நகரத்து மேயர் கிறிஸ்டியன் ஊடேயை!

எதற்கு இத்துணைப் பதைப்பு? மாநகராட்சியின் ஏறத்தாழ 14,000 கணினிகளிலிருந்து விண்டோசை விலக்கி, லினக்சை அமர்த்தலாமா என நகரமன்றம் ஆராயத் தலைப்பட்டிருந்தது. 14,000 உருப்படிகள் கைவிட்டுப் போவது பால்மருக்குப் பெரிதன்று. போகவும் முடியும் என்பதை உலகம் கண்டுகொள்வதன்றோ பெரிது!

மேயர் மசியவில்லை. மே 28 அன்று மன்றம் மாற்றத்துக்கு வாக்களித்தது. 2006-இல் தொடங்கிய பணி 2013-இன் இறுதியில் முற்றுப்பெற்றது. ஏறத்தாழ 15,000 மேசைகளில் லினக்ஸ்! ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என நகராட்சி கணக்குக் காட்டிற்று. அக்கணக்கை மைக்ரோசாப்ட் மறுத்தது. மறுக்காமலா இருக்கும்?

ஆனால் 2014-இல் மேயர் மாறினார். வந்தவர் டீட்டர் ரைட்டர்; மாற்றுக் கட்சியினர் அல்லர், ஊடேயின் கட்சியினரே! 2017 நவம்பரில் அதே மன்றம், மீண்டும் விண்டோசுக்கே திரும்புவதென முடிவெடுத்தது. பத்தாண்டுப் பாடு பாழாயிற்று.

ஏன் இப்படி ஆயிற்று?

"சூழ்ச்சி, சூழ்ச்சி!" என நம்மில் சிலர் முழங்கக்கூடும். 2016-இல் மைக்ரோசாப்ட் தனது ஜெர்மானியத் தலைமையகத்தை மியூனிக் நகருக்குள்ளேயே கொண்டுவந்து அமைத்தது என்பது உண்மைதான். அதனால்தான் இது நிகழ்ந்தது என்பதற்கோ சான்றில்லை. சான்றில்லாததைப் பேசிப் பொழுதைப் போக்குவானேன்? மாநகராட்சியே அமர்த்திய ஆய்வாளர்கள், தொல்லைகளுக்கு முதற்காரணம் லினக்ஸ் அன்று, சிதறிக் கிடந்த நிருவாக அமைப்பே என்று எழுதினர். அப்படியிருந்தும் லினக்ஸ்தான் வெளியேற்றப்பட்டது!

நான் கேட்பது வேறொன்று. அந்த 15,000 மேசைகளுக்குப் பின்னே அமர்ந்திருந்தோர், "எங்கள் கணினியைத் தொடாதே!" எனத் திரண்டெழுந்திருந்தால் எந்த மேயர் துணிந்திருப்பார்? மன்றத்தில் வாக்குகளை வென்றவர்கள், மேசையில் மனங்களை வெல்லவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதனை ஏட்டறிவால் எழுதவில்லை, தோழர்களே, பட்டறிவால் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சங்க அலுவலகத்துக் கணினியை ஒரே இரவில் மாற்றியமைத்தவன் நான். காலையில் வந்தார், அங்கே தட்டச்சுப் பணிபுரியும் அம்மையார். அவர் எதிரே நின்று, மூல நிரலை மறைத்து வைப்போரின் ஆதிக்கம் பற்றியும், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளின் மாண்பு பற்றியும் அரைமணி நேரம் பொழிந்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "எல்லாம் சரிங்க ஐயா. நாளைக் காலைக்குள் சுற்றறிக்கை போயாக வேண்டும். பழைய சுற்றறிக்கையைத் திறந்தால் எழுத்தெல்லாம் கோழி கிளறின மாதிரி வருகிறதே, நான் என்ன செய்ய?"

என்னிடம் விடையில்லை. அன்று மாலையே பழையபடி விண்டோசை ஏற்றிக் கொடுத்தேன். பிழை லினக்சினுடையதா? அன்று, என்னுடையது!

அந்தச் சுற்றறிக்கை, தனியார் வகுத்த பழைய எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது தமிழாகவே தோன்றாது. யூனிகோடைத் தமிழக அரசு தரமென அறிவித்தது 2010-இல். ஆயினும் அதற்கு முன் குவிந்த கோப்புகள் அலுவலகந்தோறும் இன்னும் கிடக்கின்றன. முதலில் அவற்றையன்றோ யூனிகோடாக மாற்றித் தந்திருக்க வேண்டும்! அம்மையாரின் விரல்கள் பழகியது தட்டச்சுப்பொறி முறை. அம்முறையும் லினக்சில் உண்டு, தமிழ்99-உம் உண்டு. அதை அமைத்துக் காட்டாமல், ஆதிக்க எதிர்ப்பை அவிழ்த்துவிட்டேன். இருபது ஆண்டுகள் பழகிய கைக்கு, விசை மாறுவது என்பது வீடு மாறுவது போல. "சோம்பல்" என்று அதை இகழ்வோர், ஒரு நாள் அந்த நாற்காலியில் அமர்ந்து பார்க்கட்டும்.

பிரான்சு நாட்டின் ஜாந்தார்மரி காவற்படை செய்ததைப் பாருங்கள். 2005-இல் அவர்கள் இயங்குதளத்தைத் தொடவேயில்லை. விண்டோசின் மீதே ஓப்பன் ஆபீசைக் கொடுத்தனர். அடுத்து உலாவிக்குப் பயர்பாக்ஸ், அஞ்சலுக்குத் தண்டர்பேர்டு. கையும் கண்ணும் அவற்றிற்குப் பழகிய பின், 2008 முதல் படிப்படியாக உபுண்டு லினக்சைக் கொணர்ந்தனர். அடியில் இருந்த தளம் மாறிற்று; மேலே அன்றாடம் புழங்கியவை மாறவில்லை. இன்று அங்கே ஓடும் கணினிகள் ஏறத்தாழ ஒரு இலட்சம்! ஜெர்மனியின் ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசும் 2024-இல் 30,000 கணினிகளை மாற்ற முடிவெடுத்தபோது, லிப்ரே ஆபீசை முன்னே அனுப்பி, லினக்சைப் பின்னே வைத்தது.

நமக்கும் காலம் கனிந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ, பழைய கணினிகள் பலவற்றை வாயிலிலேயே தடுத்து நிறுத்துகிறது. நன்றாய் ஓடும் பொறியைக் குப்பையிலே போடு என்கிறார்கள்! ஏழை எளியோர் சந்தாவில் நடக்கும் சங்கத்துக்கு இது அடுக்குமா? அந்தப் பொறிகளில் லினக்ஸ் இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.

எல்லா மேசையையும் ஒருசேர மாற்றுங்கள் என்று நான் கூறவில்லை. டாலி போன்ற விண்டோசுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள் ஓடும் மேசையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வீம்புக்கு அதில் கைவைத்தால், மற்ற மேசைகளும் நம் கையைவிட்டுப் போகும்.

வாக்குக் கேட்டு வாயில் ஏறும்போது, கொள்கை விளக்கக் கூட்டத்தில் பேசியதையா வீட்டாரிடம் பேசுகிறோம்? குழாயில் தண்ணீர் வருகிறதா, பங்கீட்டு அட்டை கிடைத்ததா என்றல்லவா முதலில் கேட்கிறோம்? கணினி முன் அமர்ந்திருப்போரிடமும் அவ்வாறே கேளுங்கள்: எந்தக் கோப்பை அன்றாடம் திறக்கிறீர்கள்? எந்த அச்சுப்பொறி? எந்தத் தட்டச்சு முறை?

முதல் வாயில் நமது கிளை அலுவலகமாகவே இருக்கட்டும். அங்கே ஓடும் விண்டோஸ் விலை கொடுத்து வாங்கியதா, யாரோ குறுந்தட்டில் கொண்டுவந்த கள்ளப்படியா என்பதையும் மறவாமல் பாருங்கள். பல இடங்களில் விடை நமக்கே வெட்கம் தரும். இந்த வாரம் லிப்ரே ஆபீசை மட்டும் நிறுவுங்கள். பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள். தட்டச்சிடும் தோழர் அருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு முழு நாள் உட்காருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறார் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் குறுந்தட்டு பையிலேயே இருக்கட்டும். அந்தத் தாளில் உள்ளவை ஒவ்வொன்றாய்த் தீர்ந்தபின் எடுக்கலாம்.